பதினேழாம் நம்பர் எங்கே?

– அதுதான் சொல்றேனே டீச்சர், முதல்ல கதவைச் சாத்துங்க. தாழ்ப்பாளையும் போடுங்க. இப்போ நான் சொல்லப்போறது இந்த நாலு சுவரைத் தாண்டக் கூடாது.

– தாழ்ப்பாள் உடைஞ்சு ஒரு வருஷம் ஆச்சு ஸார். ஜன்னலுக்குக் கண்ணாடியும் கிடையாது. மெதுவாச் சொல்லுங்க, போதும். விழா நடக்குற நேரத்துல மூணாங் கிளாஸ் வாத்தியார் மேடைப் பக்கம் நிக்காம என் ஒண்ணாங் கிளாஸுக்குள்ள வந்து ஒளியறார்னா, சமாசாரம் பெரிசாத்தான் இருக்கணும்.

– பிள்ளைங்க இருக்காங்களே.

– இவங்க இப்போ பிள்ளைங்க இல்ல. பத்து மேகம், எட்டு முயல், ஒரு சூரியன், மிச்சமெல்லாம் மரம். இன்னும் கால் மணி நேரத்துல மழை டான்ஸ். மேகத்துக்கு ஏது காது? தைரியமாச் சொல்லுங்க. ஏ முயல், மூக்குல இருந்து விரலை எடு.

– டீச்சர், என் கிளாஸ்ல ஒரு பொண்ணைக் காணோம்.

– இன்னிக்கு இருக்குற கூட்டத்துல என்னையே நான் காலையிலேர்ந்து தேடிட்டிருக்கேன். எங்கயாவது வேடிக்கை பார்த்துட்டு நிக்கும்.

– எட்டு வாரமாக் காணோம்.

– ...அந்த ஸ்டேப்ளரை இப்படிக் குடுங்க. எட்டு நாளா, எட்டு வாரமா?

– வாரம். இன்னும் கேளுங்க கூத்தை. 'ஒரு நாள்கூடத் தவறாத வருகை'ன்னு இன்னிக்கு ஒரு விருது குடுக்கறோம் பாருங்க, அது அந்தப் பொண்ணுக்குத்தான். பேரை எழுதிக் குடுத்தது யாரு? நான். கையெழுத்துப் போட்டது யாரு? நான். சர்டிபிகேட்டுக்குத் தங்கக் கலர்ல ஓரம் வேணும்னு ஆபீஸ்ல போய்ச் சண்டை போட்டது யாரு?

– நீங்க.

– நானேதான். இந்தப் பள்ளிக்கூடத்துல என்னை மாதிரி ஒரு ஆள் இருபத்திரண்டு வருஷமா மாட்டாம இருந்ததே ஒரு சாதனை. அதுக்கும் ஒரு சர்டிபிகேட் அடிச்சிருக்கலாம்.

– சரி, அப்புறம்?

– அப்புறம் என்ன, எச்.எம். அம்மா மைக்கைப் பிடிச்சாங்க. பேரைப் படிச்சாங்க. எல்லாரும் கை தட்டினாங்க, நான்தான் எல்லாரையும் விட பலமாத் தட்டினேன். யாரும் வரல. ரெண்டாவது தடவை படிச்சாங்க. கைதட்டல் குறைஞ்சுது. மூணாவது தடவை படிக்கும்போது நான் ஒருத்தன் மட்டும் தட்டிட்டிருந்தேன். முன் வரிசையில ஒரு அம்மா எழுந்து நின்னு, திரும்பித் திரும்பிப் பின்னாடி பார்க்குறாங்க. பொண்ணோட அம்மா. ஏதோ ஒரு வேகத்துல, 'பாத்ரூம் போயிருக்கா மேடம்'னு கத்திட்டேன்.

– மைக் பக்கத்துலயா நின்னீங்க?

– மைக்குலயே விழுந்துது. தெரு வரைக்கும் கேட்டிருக்கும். எச்.எம். அம்மா கண்ணாடியைக் கழட்டி என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. 'பரவாயில்ல, எல்லா நிகழ்ச்சியும் முடிஞ்சதும் கடைசியாக் குடுத்துக்கலாம், ஸார் போய்க் கூட்டிட்டு வந்துடுவார்'னு அறிவிச்சுட்டாங்க. இப்போ ரெண்டாங் கிளாஸ் பாட்டு ஓடிட்டிருக்கு. அடுத்தது உங்க மழை டான்ஸ். அது முடிஞ்சா என் கதை முடிஞ்சுது.

– உங்க கிளாஸ் பிள்ளைங்ககிட்டக் கேட்டீங்களா?

– கேட்காமயா? பக்கத்து சீட்டுல ஒரு கண்ணாடிக்காரி இருக்கா, பதினெட்டாம் நம்பர். குனிஞ்சு காதுல கேட்டேன், பதினேழு இன்னிக்கு வரலியான்னு. ரொம்ப மரியாதையாச் சொன்னா: இன்னிக்கு மட்டும் இல்ல ஸார், எட்டு வாரமா வரலன்னு. அப்போ தினமும் உள்ளேன்னு சொல்றது யாருன்னேன். ஒரு நாள் நான், ஒரு நாள் இவன், ஒரு நாள் அவன்னு விரலை நீட்டிக் காட்டுறா. இதுல குரலை மாத்திச் சொல்றதுக்கு ஒத்திகை வேற பார்த்திருக்காங்க.

– எதுக்காம்?

– கொடிக்கு டீச்சர். அந்தப் பச்சைக் கொடி. ஒரு வாரம் முழுக்க யாரும் லீவு போடாத கிளாஸ் எதுவோ, அந்தக் கதவுல மாட்டுவாங்களே. எட்டு வாரமா அது என் கதவுலதான் தொங்குது. ஸ்டாஃப் ரூம்ல நான் எத்தனை பேசியிருக்கேன், ஞாபகம் இருக்கா?

– மறக்க முடியுமா? 'வருகைங்கறது பயத்துல வராது, பாசத்துல வரணும்'னு போன மாசம் எங்க எல்லாரையும் உக்கார வெச்சு அரை மணி நேரம் பேசினீங்க. என் டீ ஆறிப் போச்சு.

– அந்தப் பாசம் என்னன்னு இன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. கொடி கதவை விட்டுப் போச்சுன்னா விளையாட்டுப் பீரியட் கட்னு நான் எப்பவோ சொல்லியிருக்கேன். எனக்கு ஞாபகம் இல்ல. அவங்களுக்கு தேதியோட ஞாபகம் இருக்கு.

– ஸார், எட்டு வாரம்னா நாப்பது நாள். நாப்பது நாள் ஒரு இடம் காலியா இருந்தா கண்ணுக்குத் தெரியாதா?

– கண்ணு எங்க டீச்சர் வேலை செஞ்சுது? எனக்கு எல்லாமே காதுதான். தலையைக் குனிஞ்சுக்குவேன், சிவப்புப் பேனாவை எடுப்பேன், ஒண்ணு ரெண்டு மூணுன்னு நம்பர் கூப்பிடுவேன். நாப்பது உள்ளேன் கேட்டா நாப்பது டிக். ஒன்றரை நிமிஷத்துல முடிச்சுடுவேன். இந்த வேகத்துக்கு இன்னொரு வாத்தியார் கிடையாதுன்னு எனக்கு ஒரு கர்வம் வேற.

– சரி, அப்புறம்? அவ எங்க போனான்னு பிள்ளைங்க சொல்லலியா?

– கேட்டேன். வாய்ப்பாட்டை ஒரு நாளும் ஒண்ணாச் சேர்ந்து சொல்லாத கிளாஸ், 'தெரியாது ஸார்'னு ஒரே குரல்ல சொல்லுது. முப்பத்தொம்பது பேர். ஒரு பிசிறு இல்ல.

– ம். பொண்ணு எப்படி இருப்பா?

– எப்படின்னா... ரெண்டு சடை.

– உங்க கிளாஸ்ல ரெண்டு சடை போடாத பொண்ணு ஒண்ணைச் சொல்லுங்க.

– கிடையாது.

– உயரமா, குட்டையா?

– எழுந்து நின்னாத்தானே தெரியும்? நான் நிமிர்ந்து பார்த்தாத்தானே அவ எழுந்து நின்னதே தெரியும்? டீச்சர், நீங்க என்ன போலீஸ் மாதிரிக் குடையறீங்க?

– நாளைக்கு அவங்க இதைத்தான் கேட்பாங்க. இப்பவே பழகிக்கோங்க. சூரியன், கீழ உக்காரு, கதிர் எல்லாம் மடங்குது பார். பேராவது தெரியுமா ஸார்?

– மேடையிலேர்ந்து எடுத்துட்டு வந்த இந்த சர்டிபிகேட்டுல இருக்கு, நீங்களே பாருங்க. பதினேழுன்னு சொன்னா ரிஜிஸ்டர்ல அந்த வரி கண்ணு முன்னால வந்து நிக்குது. முகம் வர மாட்டேங்குது. சத்தியமா, வரும்போது வழியெல்லாம் யோசிச்சுட்டே வந்தேன்.

– குடுங்க, படிக்கிறேன். ஓ, இந்தப் பேரா!

– என்ன டீச்சர், படிச்சுட்டு இப்படி நிக்கிறீங்க? தெரிஞ்ச பொண்ணா?

– ஒண்ணுமில்ல. அந்த ஸ்டூல்ல உக்காருங்க, நின்னா விழுந்துடுவீங்க போல இருக்கு. பார்த்து, பசை டப்பா. அம்மாகிட்டப் பேசினீங்களா?

– நான் எங்க பேசினேன், அவங்கதான் பேசினாங்க. விழா ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே என்னைத் தேடி வந்தாங்க. துணி வெளுக்குற கடையில வேலையாம், அரை நாள் லீவு கேட்டு வந்திருக்காங்க. அந்தக் கையெல்லாம் சோடா பட்டு வெளுத்துக் கிடக்கு. அதைக் கூப்பிக் கும்பிட்டாங்க டீச்சர் என்னைப் பார்த்து.

– ஏன்?

– பொண்ணு இப்போ படிக்குதாம். ரோட்டுல போற போர்டெல்லாம் விடாமப் படிச்சுட்டே வருதாம். பஸ்ஸுல எந்த ஊர்னு பார்த்துச் சொல்லுதாம். மாத்திரை அட்டையில என்ன எழுதியிருக்குன்னு அதுதான் அவங்களுக்குப் படிச்சுச் சொல்லுதாம். போன வருஷம் வரைக்கும் தன் பேரைத் தவிர ஒரு எழுத்து தெரியாது, எல்லாம் உங்க புண்ணியம் ஸார்னாங்க.

– நீங்க என்ன சொன்னீங்க?

– அதைச் சொல்லணுமா?

– சொல்லுங்க.

– 'இதுல என்னம்மா இருக்கு, என் கடமையைத்தான் செஞ்சேன்'னேன். எனக்கே என்னை நினைச்சு அழுகை வந்துடுச்சு, அவ்வளவு நல்ல வாத்தியாரா இருந்திருக்கேனேன்னு.

– அடப்பாவமே.

– சிரிங்க, நல்லாச் சிரிங்க. ஆனா விஷயம் அங்கதான் இருக்கு. அந்த அம்மாவுக்குப் பொண்ணு காணாமப் போனதே தெரியாது. காலையில பையை மாட்டிக்கிட்டு எட்டரைக்குக் கிளம்புதாம். சாயங்காலம் நாலரைக்கு வீட்டுக்கு வருதாம். யூனிஃபார்ம்ல சாக்பீஸ் தூள்கூட இருக்காம். இங்க வரல, அங்க இல்ல. நடுவுல எட்டு மணி நேரம் அந்தக் குழந்தை எங்க இருந்துச்சு டீச்சர்? எட்டு வயசு. ரோட்டுல என்னென்ன இருக்கு. யாராவது கூட்டிட்டுப் போய் ஏதாவது வேலையில வெச்சிருந்தா? நான் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தலையை நிமிர்த்தியிருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும். வேலை போனாப் போகட்டும். அந்தப் பொண்ணு கிடைச்சாப் போதும்.

– முதல்ல தண்ணி குடிங்க. ஸார், கடைசியா அவகிட்ட நீங்க எப்போ பேசினீங்க?

– பேசினதா ஞாபகமே இல்ல.

– யோசிங்க. எட்டு வாரத்துக்கு முன்னாடி. ஏதாவது பாடம் படிக்கச் சொன்னீங்களா?

– படிக்கறதுக்கு நான் ஒரு அஞ்சு பேரைத்தான் எழுப்புவேன். நல்லாப் படிக்கிற அஞ்சு பேர். புதன்கிழமை வாசிப்புப் போட்டிக்குக்கூட அவங்களைத்தான் அனுப்பினேன். ஜூன் மாசத்துலேர்ந்து அந்த அஞ்சு பேர்தான் என் கிளாஸ். மத்தவங்களை... இருங்க. ஒரு நாள் அந்த அஞ்சு பேரும் ஏதோ ஓட்டப் பந்தயத்துக்குப் போயிட்டாங்க. அன்னிக்கு யாரையோ எழுப்பினேன். ஒரு பொண்ணு புத்தகத்தைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னா. முதல் வார்த்தையே வரல.

– சரி, அப்புறம்?

– அப்புறம் எப்பவும் சொல்றதைத்தான் சொல்லியிருப்பேன்.

– எப்பவும் என்ன சொல்வீங்க?

– என்னத்தைச் சொல்றது, எல்லா வாத்தியாரும் சொல்றதுதான். எழுத்துக் கூட்டத் தெரியாதவங்களுக்கு இங்க என்ன வேலை, எழுந்து போய் ஒண்ணாங் கிளாஸ்ல உக்காருன்னு... டீச்சர்.

– சொல்லுங்க ஸார்.

– இருங்க டீச்சர்.

– எங்கயும் போகல. இங்கதான் இருக்கேன்.

– அவ நிஜமாவே எழுந்து...

– மழை மேகம், கடைசி வரிசையில இருக்குறது, நீதாம்மா. முன்னாடி வா. அட்டையைத் தூக்கி முகத்தைக் காட்டு. ஸார் உன்னைத்தான் எட்டு வாரமாத் தேடிட்டிருக்காராம்.

– வணக்கம் ஸார்.

– பதினேழு.

– ஆமா ஸார்.

– இங்கயா இருந்தே? இந்த ரூம்லயா? நம்ம ரெண்டு கிளாஸுக்கும் நடுவுல ஒரு சுவர்தானேம்மா.

– நீங்கதானே ஸார் போகச் சொன்னீங்க.

– டீச்சர், உங்களுக்கு இது முதல்லயே தெரியும். பேரைப் படிச்சப்பவே தெரியும். என்னை உக்கார வெச்சுக் கதை கேட்டீங்க.

– தெரியும். மேகமும் கேட்கட்டும்னுதான் பேச விட்டேன். உங்க வாயால உண்மை வர்றது வருஷத்துக்கு ஒரு தடவைகூட இல்லியே.

– எட்டு வாரம். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

– சொன்னேன் ஸார். 'எங்க ஸார் இங்க உக்காரச் சொன்னாரு'ன்னு வந்து நின்னா. உள்ளதைச் சொல்லணும்னா, அன்னிக்குத்தான் முதல் தடவையா உங்க மேல எனக்கு ஒரு மரியாதை வந்துச்சு. தன் கிளாஸ் பிள்ளைக்கு எழுத்து வரலன்னு ஒத்துக்கிட்டு, வெட்கப்படாம அனுப்பி வெச்சிருக்காரே மனுஷன்னு நெனச்சேன். ஸ்டாஃப் ரூம்ல உங்ககிட்டயே வந்து, நீங்க அனுப்பின பொண்ணு நல்லா வருதுன்னு சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க தெரியுமா?

– சொல்லாதீங்க.

– 'எல்லாம் நம்ம ட்ரெயினிங் டீச்சர்.'

– யார்கிட்டயோ எதையோ சொல்லியிருப்பேன். எனக்கு யார் என்ன சொன்னாலும் அந்த பதில்தான். நானும் ஒரு தடவை வந்து கேட்கலியே, எந்தப் பொண்ணுன்னு.

– என் மேலயும் தப்பு இருக்கு. எழுதி வாங்கியிருக்கணும், எச்.எம்.கிட்டச் சொல்லியிருக்கணும். பொண்ணு வேகமா வந்துச்சு, எனக்கு அந்த சந்தோஷத்துல வேற எதுவும் தோணல. ஆறு வயசுப் பசங்க நடுவுல தலை நிமிர்ந்து உக்காரும். கூச்சப்படல. அடுத்தவனுக்குச் சொல்லிக் குடுக்கும்.

– ஏம்மா, மைக்குல பேர் கூப்பிட்டது உனக்குக் கேட்டுச்சா?

– கேட்டுச்சு ஸார். மூணு தடவை.

– பின்ன ஏன் வரல?

– அது எனக்குச் சேராதே ஸார். நான் உங்க கிளாஸுக்கு வந்து நாப்பது நாள் ஆச்சு.

– இருங்க, இருங்க. டீச்சர், இப்படிப் பாருங்க. இவ பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கா. ஒரு நாள்கூடத் தவறல. உக்கார்ந்த இடம்தான் வேற. அப்படிப் பார்த்தா இந்த சர்டிபிகேட்டுல ஒரு பொய்யும் இல்ல. மேடைக்குப் போய் வாங்கிக்கலாம், அம்மாவும் சந்தோஷப்படுவாங்க, யாருக்கும் ஒண்ணும்...

– ஸார், அதைக் கொஞ்சம் குடுங்க. நானே படிச்சுப் பார்க்குறேன். 'ஒரு... நாள்கூடத்... தவறாமல்... பள்ளிக்கு வருகை தந்து...' இதெல்லாம் சரி ஸார். கீழ 'மூன்றாம் வகுப்பில்'னு போட்டிருக்கே.

– டீச்சர், இவளுக்குப் படிக்கக் கத்துக் குடுத்தது பெரிய தப்பு.

– இன்னும் நிறுத்தல அவ. அதுக்கும் கீழ இருக்கு பாரும்மா, படி.

– 'எமது நேரடிக் கண்காணிப்பில்'.

– போதும். அதைக் குடு இங்க. அந்த வரியை நான்தான் ஆபீஸ்ல சொல்லிச் சேர்த்தேன்.

– ஸார், ரெண்டாங் கிளாஸ் பாட்டு கடைசிச் சரணத்துக்கு வந்தாச்சு. மேகங்களை வரிசையா நிறுத்தணும். என்ன பண்ணப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க.

– என்ன பண்ணச் சொல்றீங்க?

– நான் சொல்ல மாட்டேன். அந்த அம்மா முன் வரிசையில உக்கார்ந்திருக்காங்க. அவ்வளவுதான் சொல்வேன்.

– தெரியும். அந்த அம்மா கும்பிட்டது உங்களை. வழியில நான் நின்னு வாங்கி வெச்சுக்கிட்டேன். அதைத் திருப்பித் தரணும். எச்.எம். கடைசியாக் கூப்பிடும்போது நானே மேடை ஏறுறேன். சர்டிபிகேட் தப்பு, எட்டு வாரமா நான் தலையைக் குனிஞ்சு டிக் போட்டேன், பொண்ணுக்குப் படிக்கச் சொல்லிக் குடுத்தது ஒண்ணாங் கிளாஸ் டீச்சர்னு சொல்றேன். கொடியையும் கழட்டிக் குடுத்துடறேன்.

– தைரியமாச் சொல்லிடுவீங்களா?

– தைரியம் எங்க இருக்கு? மைக்கைப் பிடிச்சதும் வழக்கம்போல கல்வியின் மகத்துவம்னு ஆரம்பிச்சுட்டேன்னா, நீங்க கீழே இருந்து முறைங்க. ஏம்மா, நான் ஏறும்போது நீயும் கூட வர்றியா?

– மேகத்தோட வரலாமா ஸார்?

– எதோட வேணா வா. இனிமே இந்த மாதிரி நடக்காது. திங்கக்கிழமை நீ நம்ம கிளாஸுக்கு வந்துடணும். பேனாவை மூடி வெச்சுட்டு, நாப்பது முகத்தையும் ஒண்ணு ஒண்ணாப் பார்த்து, பேர் சொல்லித்தான் கூப்பிடப் போறேன். சரியா?

– வந்துடறேன் ஸார். எனக்கு இங்க முடிஞ்சுடுச்சு. ஆனா ஸார்...

– சொல்லும்மா. பயப்படாதே.

– கொஞ்ச நாளைக்கு நீங்க முன்ன மாதிரி குனிஞ்சே கூப்பிடுங்க ஸார்.

– ஏன்?

– ஒரு நேரத்துல ஒருத்தர்தான் இங்க வந்து எழுத்துக் கத்துக்கணும்னு பேசி வெச்சிருக்கோம். ரெண்டு பேரா வந்தா உங்களுக்குத் தெரிஞ்சுடும்னு.

– ஒருத்தர்னா தெரியாதா?

– தெரியலியே ஸார். திங்கக்கிழமை என் இடத்துக்கு யார் வர்றதுன்னு இன்னிக்குத்தான் சீட்டுக் குலுக்கப் போறாங்க. ஒம்பது பேர் பேர் குடுத்திருக்காங்க.